முடிவில்லா ஆட்டமும் விலகிச் செல்வோரும்: இணையப் பாத்திர விளையாட்டு பற்றிய ஒரு விமர்சன நோக்கு

உவகை பிறப்பதற்குரிய நிலைக்களன்களுள் ஒன்றாக விளையாட்டைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் குறிப்பிடுகின்றது. செல்வ நுகர்ச்சி, அறிவின்பம், காதலர் கூட்டம் ஆகியவற்றோடு ஒருங்குவைத்து எண்ணப்படும் சிறப்பு விளையாட்டுக்கு அங்குக் கிடைக்கின்றது. அவ்வாறு பிறக்கும் உவகை துன்பத்தின் நீங்கியதாய் இருத்தல் வேண்டுமென்ற குறிப்பும் அவ்விடத்தே உண்டு. விளையாட்டை வெறும் வீண்பொழுதாகத் தமிழ் இலக்கண மரபு கொள்ளவில்லை என்பதற்கு இது தக்க சான்றாகும். ஆயின், துன்பங் கலந்து, கடமையாக மாறி, தொடரவும் விருப்பின்றி விடவும் மனமின்றி ஆடப்படும் ஆட்டமொன்றினை எவ்வாறு மதிப்பிடுவது? இவ்வினாவை இன்று கூர்மையாக எழுப்புவது இணையப் பாத்திர விளையாட்டாகும்.

ஆடுவோர் கற்பனையுலகொன்றிற் பாத்திரமொன்றை ஏற்று, அதன் ஆற்றலையும் உடைமைகளையும் படிப்படியாக வளர்த்துச் செல்லும் ஆட்டவகையே பாத்திர விளையாட்டு எனப்படுகின்றது. ஆயிரக்கணக்கானோர் ஒரேவேளையில் இணையத்தின்வழி அவ்வுலகினுட் புகுந்து ஒருவரோடொருவர் உறவாடத்தக்கதாக அமையுமிடத்து அது இணையப் பாத்திர விளையாட்டாகின்றது. இவ்வகையிற் பெரும்புகழ் ஈட்டியது, அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்ட 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்' ஆகும். 2010 ஒக்டோபரில் இதன் சந்தாதாரர் தொகை ஒரு கோடியே இருபது இலட்சத்தைத் தாண்டியது. இத்தொகை அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. அதனிலும் கூடுதலாகச் சிந்திக்கத் தூண்டும் வேறு சில தொகைகள் உள. 2014 நவம்பரில் விரிவாக்கப் பதிப்பொன்று வெளிவந்த வேளையில் ஒரு கோடியாக இருந்த சந்தாதாரர், 2015 மார்ச் இறுதியில் 71 இலட்சமாகவும் யூன் இறுதியில் 56 இலட்சமாகவுங் குறைந்தனர். அவ்வாண்டின் பிற்பகுதியில், இத்தொகையை இனி வெளியிடுவதில்லையென நிறுவனம் முடிவு செய்தது. எட்டே மாதங்களில் ஏறத்தாழ நாற்பத்து நான்கு இலட்சம் சந்தாக்கள் குறைந்தன. ஆடுவோரைப் பற்றி நூல்களும் ஆய்வுகளும் பலவாக, ஆடிப்பார்த்துக் கைவிட்டோரைப் பற்றிய சிந்தனை மிகக் குறைவாகவே உள்ளது. பொறுமையற்றோர், திறனற்றோர், அல்லது நற்காலமாகத் தப்பித்தோர் என்று அவர்கள் ஒதுக்கப்படுகின்றனர். அவர்களது விலகலையே ஒரு விமர்சனமாகக் கொண்டு, அவ்விலகல் அக்கலைவடிவத்தைப் பற்றிக் கூறுவது யாது என்பதை ஆராய்வது பயனுடைத்து.

இவ்வடிவத்தின் தோற்றம் பல்கலைக்கழகமொன்றிலேயே நிகழ்ந்தது. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்து மாணவர் றோய் ட்றப்ஷோ என்பார் பலர் ஒருங்கே புகத்தக்க கற்பனையுலகொன்றைக் கணினியில் அமைத்தார். 1980 அளவில் அப்பணியைச் சக மாணவரான றிச்சட் பார்ட்டில் பொறுப்பேற்று நிறைவுசெய்தார். 'மட்' என வழங்கிய அவ்வாட்டத்திற் படங்கள் இல்லை. யாவும் எழுத்து வருணனைகளே. இங்குக் கருதத்தக்கது அதன் படமின்மையன்று. அவ்வாட்டத்திற்கு ஓர் எல்லை இருந்தது என்பதே கருதத்தக்கது. வேண்டிய புள்ளிகளைத் திரட்டியவர் 'விசார்ட்', அதாவது மந்திரவித்தகர் என்னும் நிலையை எய்தினார். அதன்பின் அவர் புள்ளிக்காக அலையவேண்டியதில்லை. அவ்வுலகை நிருவகிக்கும் ஆற்றல்கள் அவருக்கு வழங்கப்பட்டன. சென்று சேரத்தக்க இடம் ஒன்று இருந்ததனால், அப்பயணம் பயணமாகவும் இருந்தது எனலாம்.

1980களில் இத்தகைய ஆட்டங்கள் வணிக வலையமைப்புகளுட் புகுந்தபோது மணித்தியாலக் கணக்கிற் கட்டணம் அறவிடப்பட்டது. 1997இல் 'அல்டிமா ஒன்லைன்', 1999இல் 'எவர்குவெஸ்ட்' என்பன வெளிவந்தபோது மாதச்சந்தா முறை நிலைபெற்றது. வோர்கிராஃப்ட் அம்முறையையே மேற்கொண்டு, அமெரிக்காவில் மாதத்திற்கு 14.99 டொலர் அறவிட்டது. நூலொன்றை விற்பவருக்கு வாசகர் அதனை முடித்துவிடுவதால் நட்டமில்லை. மாதச்சந்தா பெறுபவருக்கோ ஆடுபவர் முடித்துவிடுவதே நட்டமாகும். எல்லை மறைந்ததற்கான காரணத்தைக் கற்பனைத்திறனிலன்றி இப்பொருளியல் உறவிலேயே முதலில் தேடவேண்டியுள்ளது.

எனினும், பொருளியற் காரணத்தைக் கூறியவுடன் விமர்சனம் முடிந்துவிட்டதெனக் கொள்ளுதல் பொருந்தாது. வோர்கிராஃப்டினுட் புதிதாக நுழைபவர் முதலில் அடைவது உண்மையான கலையின்பமாகும். ஆட்டம் வெளிவந்த 2004இல், எண்வகை இனங்களுள் ஒன்றையும் ஒன்பது வகைத் தொழில்களுள் ஒன்றையும் தேர்ந்து, தமக்கொரு பெயரையும் முகத்தையும் அமைத்துக்கொண்டு அவர் அவ்வுலகில் இறங்கினார். மனித இனத்தைத் தேர்ந்தவர் நோத்சயர் என்னும் மடத்தின் முன்றிலில் நின்றார். அடர்ந்த காடு, தாழ்ந்துவரும் மாலையொளி, எதிர்ப்படும் அந்நியர் ஒவ்வொருவருக்குப் பின்னாலும் எங்கோ ஒரு நாட்டில் ஒரு மனிதர் இருக்கின்றார் என்ற உணர்வு ஆகிய யாவுஞ் சேர்ந்து தருங் கிளர்ச்சி எளிதில் மறக்கத்தக்கதன்று. மலைக்கப்பால் யாதுளது என்றறியாது நடக்கும் அம்முதற் சில மணித்தியாலங்களே, பின்னாளில் விலகியோருங்கூடப் பரிவோடு நினைவுகூர்வன.

பணி வழங்கும் பாத்திரங்களின் தலைமேல் மஞ்சள் நிற வியப்புக்குறியொன்று மிதக்கும். அவர் கூறும் விலங்குகளை அவர் கூறும் எண்ணிக்கையிற் கொன்று மீண்டால் அவ்விடத்தில் வினாக்குறி தோன்றும்; அதனை அழுத்தியதும் காசும் அனுபவப்புள்ளியும் கிடைக்கும். ஒரு படி உயரும்போது பொன்னொளி சூழ்ந்து இன்னொலி எழும். கொல்லப்பட்ட ஓநாய்கள் சில நிமிடங்களில் அதேயிடத்தில் மீண்டும் உலாவும். இவ்வமைப்பு நூற்றுக்கணக்கான தடவைகள், இடமும் விலங்கும் மாறி, மீள நிகழ்கின்றது. பத்தாம் படியில் அதனை ஆர்வத்தோடு செய்தவர் முப்பதாம் படியிற் பணியின் கதையை வாசியாமலே குறியை மட்டும் நோக்கி ஓடுவார். எழுத்திலக்கணத்தில் வியப்பையும் ஐயத்தையுங் குறிப்பனவான அவ்விரு குறிகளும் அங்கு ஏவலையுங் கூலியையுங் குறிப்பனவாகிவிடுகின்றன. பாத்திர விளையாட்டிற் பாத்திரம் கழன்று, புள்ளி மட்டுமே எஞ்சும் கணம் இதுவாகும். கைவிடுதலின் தொடக்கமும் பெரும்பாலும் இக்கணமே.

இவ்வாட்டத்தின் ஆக்கவரலாற்றிலே பலரும் எடுத்துக்காட்டும் செய்தியொன்று இதனை நன்கு விளக்கும். சோதனைக் கட்டத்தில், நெடுநேரம் தொடர்ந்து ஆடுபவர் பெறும் அனுபவப்புள்ளி குறைக்கப்படுவதாய் ஒரு விதி வகுக்கப்பட்டது. ஆடுவோர் ஓய்வு கொள்ளவேண்டும் என்பதே அதன் நோக்கம். தாம் தண்டிக்கப்படுவதாகக் கருதிச் சோதனையாளர் அதனை வெறுத்தனர். ஆக்கியோர் எண்களை மாற்றவில்லை. பெயரை மட்டும் மாற்றினர். முன்னர் இயல்பெனப்பட்ட அளவு, ஓய்வெடுத்தவர் பெறும் இரட்டிப்பு ஊக்கமெனவும், முன்னர் தண்டனையெனப்பட்ட அளவு இயல்பெனவும் பெயர் பெற்றன. எதிர்ப்பு அடங்கியது. களைப்புங்கூடக் கணக்கிட்டு நிருவகிக்கப்படும் ஓரிடம், தொழிற்சாலையின் நெறிமுறையினின்று வெகுதூரத்தில் இல்லை.

அறுபதாம் படியை எய்தியவர் முடிவை எய்தியவராகக் கருதப்படவில்லை. அங்கிருந்தே மெய்யான ஆட்டம் தொடங்குவதாகக் கூறப்பட்டது. நாற்பது பேர் குறித்த இரவிற் குறித்த நேரத்திற் கூடி, 'மோல்ற்றன் கோர்' என்னும் குகையினுட் சென்று, பல மணித்தியாலம் போரிட்டு அரக்கரை வீழ்த்தவேண்டும். வீழ்த்தப்பட்டோர் மறுவாரம் உயிரோடிருப்பர். கிடைத்த படைக்கலங்களைப் பங்கிட, வருகையையும் உழைப்பையும் புள்ளிகளாகப் பதிவுசெய்யும் முறையொன்றை ஆடுவோரே, எவர்குவெஸ்ட் காலத்திலிருந்து, தாமாக வகுத்துக்கொண்டனர். வரவேடு, விடுப்புக்கேட்டல், பிந்தி வந்தவர்க்குக் கழிவு என அலுவலகத்தின் முழு ஒழுங்கும் விளையாட்டினுள் எழுந்தது. 2007 சனவரியில் உச்சப்படி எழுபதாக உயர்த்தப்பட்டபோது, பல மாத இரவுகளிற் பெற்ற அரும்படைக்கலங்களினும் சிறந்தவை புதிய நிலப்பரப்பின் எளிய பணிகளுக்கே வழங்கப்பட்டன. 2008இல் உச்சம் எண்பதாயிற்று. ஏணியில் ஏறுபவரின் முன்னே ஏணியும் நீண்டுகொண்டு சென்றது.

இத்துறையில் விரிவான கருத்தறிதல்களை நடாத்திய நிக் யீ என்னும் ஆய்வாளர், இத்தகைய ஆட்டங்களை ஆடுவோர் சராசரியாக வாரத்திற்கு இருபது மணித்தியாலத்திற்கு மேற் செலவிடுவதாக 2006இற் குறிப்பிட்டு, வேலைக்கும் விளையாட்டுக்கும் இடையிலான எல்லை இங்கு அழிவதை எடுத்துக்காட்டினார். அவ்வெல்லை முற்றாக அழிந்த இடமும் உண்டு. 2007 யூனில் நியூயோர்க் டைம்ஸ் சஞ்சிகையில் யூலியன் டிபெல் எழுதிய கட்டுரை, சீனாவின் நாஞ்சிங் நகரத்துப் பட்டறையொன்றை விவரித்தது. அங்கு இளைஞர்கள் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம், வாரத்தில் ஏழு நாளும், வோர்கிராஃப்ட் உலகின் பொற்காசுகளைத் திரட்டினர். அவை மேலைநாட்டு ஆட்டக்காரருக்கு மெய்ப்பணத்திற்கு விற்கப்பட்டன. உழைத்தவருக்கு மணித்தியாலத்திற்கு ஏறத்தாழ முப்பது அமெரிக்கச் சதமே கிடைத்தது. ஒருவர் சலிப்பினாற் செய்ய விரும்பாத விளையாட்டை இன்னொருவர் பசியினாற் செய்தார். கைவிட்டுச் செல்லுதல் யாவர்க்கும் ஒரே விலையில் வாய்ப்பதன்று என்பதை இது புலப்படுத்துகின்றது. அத்தொழிலாளருட் சிலர் வேலை முடிந்தபின் தம் மகிழ்ச்சிக்காக அதே ஆட்டத்தை ஆடினர் என்ற செய்தியும் அக்கட்டுரையில் உண்டு. உழைப்பாளி தன் உழைப்பினின்று அந்நியமாதலைப் பற்றி மார்க்ஸ் 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப்படிகளிற் கூறியவற்றைக் கொண்டு பட்டறையின் பன்னிரண்டு மணித்தியாலத்தை விளக்கிவிடலாம். அதன் பின்னான ஆட்டத்தை விளக்க அது மட்டும் போதாது. ஒரே திரை, ஒரே காடு, ஒரே ஓநாய்; எனினும் ஒன்று சுமை, மற்றையது உவகை. தானே விரும்பித் தொடங்குதலும் வேண்டியபோது நிறுத்துதலும் எவரிடம் உள்ளன என்பதே வேறுபாடு. விளையாட்டின் உயிர்நிலை, நிறுத்தும் உரிமையில் இருக்கின்றது.

இவ்விடத்தில் முடிவு என்பதன் கலைப்பெறுமானத்தை நோக்குதல் தகும். நாட்டுக்கூத்து விடியவிடிய ஆடப்படினும் மங்களத்தோடு முடிவெய்தும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்கேற்ப அதனைச் சுருக்கியபோது காலஅளவே குறைந்தது, முடிவு குறையவில்லை. அண்ணாவியார் ஆட்டத்தை நிறைவுசெய்கின்றார், வேடங் களையப்படுகின்றது, அரசனாக ஆடியவன் வயலுக்குத் திரும்புகின்றான். இறந்த பாத்திரம் அவ்விரவில் மீண்டெழாது என்பதனாலேயே அவ்விறப்பு பார்ப்போரைக் கலங்கவைக்கின்றது. வோர்கிராஃப்டில் இறந்தவர் ஆவியாக இடுகாட்டினின்று ஓடித் தம் உடலை அடைந்து உயிர்ப்பெறுவார். பகைவரும் அவ்வாறே மீள்வர். ஊரைக் காத்ததாகப் பாராட்டப்பட்டவர் திரும்பிப் பார்த்தால், அதே ஊரைக் காக்கும் பணியை அதே சொற்களால் மற்றொருவருக்கு அதே தலைவர் வழங்கிக்கொண்டிருப்பார். இழப்பில்லாத இடத்தில் அவலச்சுவை பிறப்பதில்லை. நிகழ்ந்தவை நிலைபெறாத இடத்தில் வீரச்சுவையும் நெடுநாள் நிற்பதில்லை. இவ்வாறு நோக்குமிடத்து, விலகிச் செல்பவர் செய்வது கலைஞன் செய்யாது விட்ட செயலையே ஆகும். படைப்பு தர மறுத்த முடிவை நுகர்வோரே தமக்கு அமைத்துக்கொள்கின்றனர்.

இக்கூற்றுக்கு வலுவான மறுப்பொன்று உண்டு. அதனைக் கருதாது செல்லும் விமர்சனம் நேர்மையுடையதாகாது. நோர்வேயைச் சேர்ந்த மற்ஸ் ஸ்டீன் என்னும் இளைஞர், தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் டுஷேன் நோயினாற் பிடிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழ்ந்து, 2014இல் தமது இருபத்தைந்தாம் வயதிற் காலமானார். நட்பையோ காதலையோ அறியாது, கணினியின் முன் தனிமையிற் கழிந்த வாழ்வென்று பெற்றோர் அதனை எண்ணி வருந்தினர். அவரது வலைப்பதிவில் மரணச்செய்தியை அவர்கள் வெளியிட்டபோது, பல நாடுகளிலிருந்து இரங்கற் கடிதங்கள் வந்து குவிந்தன. வோர்கிராஃப்ட் உலகில் 'இபெலின்' என்னும் பெயரில் அவர் பலருக்கு உற்ற துணைவராய், துயருற்றோருக்கு ஆலோசனை கூறுபவராய் வாழ்ந்தமை அப்போதுதான் தெரியவந்தது. 'ஸ்டார்லைற்' என்னும் அவரது குழுவினர் சிலர் நாடுகடந்து இறுதிச்சடங்கிற்கு வந்தனர். 2024இல் பெஞ்சமின் றீ இயக்கிய விவரணத் திரைப்படம் இவ்வாழ்வை உலகறியச் செய்தது. நடக்கவியலாத ஒருவர் ஓடிய காடு அது. அவரிடம் சென்று இது முடிவில்லாப் பண்டமென்று கூறுதற்கு எவருக்குந் தகுதியில்லை.

இம்மறுப்பை ஏற்றுக்கொண்டே மேலுஞ் சிந்திக்கவேண்டும். இபெலினின் நண்பர்கள் துயருற்றது எத்தனையாம் படியில் அவர் இருந்தார் என்பதற்காகவன்று. அவ்வுலகின் பணிகளும் புள்ளிகளும் அவர்களைக் கூட்டிவைத்த சந்தியாக அமைந்தன. அன்பு அவர்கள் கொண்டுவந்தது. 2012 நவம்பர் 30ஆந் திகதி 'சிற்றி ஒஃப் ஹீரோஸ்' என்னும் இணைய ஆட்டம் மூடப்பட்டது. அதற்கு முன்னர், அதனை ஆடியோர் அட்லஸ் பார்க் என்னுங் கற்பனை முற்றத்திற் பந்தமேந்திக் கூடித் தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர். ஆயினும் குறித்த நாளில் அவ்வுலகம் அணைக்கப்பட்டது. மனிதர் தமக்குள் ஆக்கிய உறவு அவர்களுடையது. அவ்வுறவு நிகழ்ந்த நிலமோ நிறுவனத்தினுடையது. ஆடுவோருக்கு முடிவைத் தர மறுத்த வணிகம், இறுதியில் முடிவைத் தானே விதித்தது. கைவிடுதலின் மெய்யான வலியும் இம்முரண்பாட்டிலேயே உள்ளது. சலித்துப்போன பண்டத்தை விட்டுச் செல்வது எளிது. அப்பண்டத்தினுள்ளே சந்தித்த மனிதரை விட்டுச் செல்வது எளிதன்று. ஆட்டத்தை வெறுத்த பின்னரும் குழுவினருக்காக வாரந்தோறும் குகைக்குச் சென்றவர் பலர். அவர்களை அடிமைகள் என்பது அவசரத் தீர்ப்பாகும்.

உலக சுகாதார அமைப்பு 2019இல் ஏற்றுக்கொண்டு 2022இல் நடைமுறைக்குக் கொணர்ந்த நோய்வகைப்பாட்டில், கட்டுப்பாடிழந்த விளையாட்டுப் பழக்கம் ஒரு சீர்கேடாக இடம்பெற்றுள்ளது. அது ஒரு சிறுபான்மையினரின் துன்பத்தை விளக்க உதவும். பெரும்பான்மையோரின் விலகலை விளக்க நோயின் மொழி உதவாது. கலையின் மொழியும் உறவின் மொழியும் வேண்டும். 2019 ஆகஸ்டில் நிறுவனம் ஆட்டத்தின் பழைய வடிவத்தை மீள வெளியிட்டபோது, நெடுங்காலத்திற்கு முன் விலகியோர் பெருந்தொகையாக மீண்டனர். நீண்ட வரிசைகளிற் காத்திருந்து நுழைந்தனர். அதே மடம், அதே ஓநாய், அதே வியப்புக்குறி. காடு மீட்கப்பட்டிருந்தது, ஆனால் பதினைந்தாண்டுகளுக்கு முன் அக்காட்டில் உடன் நடந்த தோழரையும், பரீட்சைக்கும் வேலைக்கும் இடையே அன்று தாராளமாகக் கிடந்த இரவுகளையும் மீட்டுத்தர எந்நிறுவனத்தாலும் இயலவில்லை. ஆதலின் அவர்களுட் பலர் இரண்டாம் முறையும் விலகினர்.

இணையப் பாத்திர விளையாட்டைப் பயின்று கைவிட்டவர் தோல்வியுற்றவரல்லர். தப்பியோடியவருமல்லர். வியப்பு ஏவலாகவும் உவகை கடமையாகவும் மாறிய கணத்தை இனங்கண்டு, தமது காலத்தின்மீது தமக்குள்ள உரிமையை மீளப்பெற்றவர் அவர். எனினும், சந்தாவை நிறுத்திவிட்டு ஓரிரவிற் சொல்லாமல் மறைந்துபோதலும், அங்குத் தோழரானோரிடம் விடைபெற்று, பெயரையும் முகவரியையும் பகிர்ந்து, உறவை வெளியே கொண்டுவருதலும் ஒன்றல்ல. முன்னையது ஒரு பண்டத்தைக் கைவிடுதல். பின்னையதே ஆட்டமொன்றினை முடித்துவைத்தல். எசெக்ஸ் மாணவர் தம் முதல் ஆட்டத்தில் வைத்திருந்த எல்லையை வணிகம் அழித்துவிட்டது. அண்ணாவியார் இல்லாத அவ்வரங்கில், மங்களம் பாடும் பொறுப்பு ஆடுவோருக்கே உரியதாகின்றது.